கிக்கும் பேஸும் மோதுகிறதா?

வீட்டில் டெக்னோ, ஹவுஸ் போன்ற நடன இசையை மிக்ஸ் செய்யும்போது கிக் (தாளத்தின் கனமான டிரம் அடி) அமுங்கிப்போனால், அதுவும் பேஸும் (தாழ்சுருதி இசை) ஒரே 50-60 ஹெர்ட்ஸில் கிடக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஈக்யூவில் (அலைவரிசைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) கிக்கை ஏற்றினால் இன்னும் குழம்பும்.

பேஸ் டிராக்கில் கம்ப்ரஸர் (சத்தத்தைத் தானாகவே இறக்கும் கருவி) போட்டு, எந்த ஒலி வரும்போது இறக்க வேண்டும் என்று சொல்லும் சைட்செயினுக்குக் கிக்கைக் கொடுங்கள். ரேஷியோ (எவ்வளவு அழுத்தமாக இறக்குவது) 4:1, அட்டாக் (இறங்கும் நேரம்) 1 மில்லி விநாடி, ரிலீஸ் (மீண்டும் எழும் நேரம்) சுமார் 120 மில்லி விநாடி. கிக் விழும்போது பேஸ் 4-6 டெசிபல் இறங்கினால் போதும். 125 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 125 பீட்) ஒரு பீட் 480 மில்லி விநாடிதான். ரிலீஸ் அதை நெருங்கினால் பேஸ் நிமிரவே நேரமிருக்காது. ரிலீஸை 10 மில்லி விநாடிக்கும் கீழே குறைத்தாலோ, கம்ப்ரஸர் கிக்கின் ஒவ்வொரு அலைக்கும் ஏறி இறங்கி பேஸைக் கரகரக்க வைக்கும்.

100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோவாக (இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி) இருக்கட்டும்.

ஆனால் பெரிய வில்லன் அறைதான். 10 அடி நீள அறையின் முதல் நிலை அலை (சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி அறையிலேயே நிற்கும் ஒலி) சுமார் 56 ஹெர்ட்ஸ், கிக் இருக்கும் அதே இடம்! அறையின் நடுவில் உட்கார்ந்தால் அந்த 56 ஹெர்ட்ஸ் காதில் விழாது. விழவில்லையே என்று ஏற்றுவோம்; காரில் போட்டால் கதவு அதிரும். நாற்காலியை ஸ்பீக்கர் பக்கச் சுவரிலிருந்து நாலடிக்குச் சற்றுக் குறைவாகப் போட்டுப் பாருங்கள், ஹெட்ஃபோனிலும் ஒப்பிடுங்கள். தயவுசெய்து முட்டை அட்டை ஒட்டாதீர்கள், இந்த அலையை அது தொடவே தொடாது. மூலைகளில் தடிமனான ராக்வுல் (கல் இழைப் பலகை) வையுங்கள்.