கிஃப்ட் கார்டின் பின்பக்கம்

கிஃப்ட் கார்டை வாங்குபவர்கள் முன்பக்கத்துப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவனித்துப் படிக்க வேண்டியதெல்லாம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கிறது. அங்கே நான் முதலில் தேடுவது, தொலைந்தாலோ திருடுபோனாலோ மாற்று அட்டை தரப்படுமா என்பதைச் சொல்லும் வரியைத்தான். தரப்படாது என்றே பல அட்டைகள் சொல்கின்றன. டெபிட் கார்டு தொலைந்தால், கணக்கு நம் பெயரில் இருப்பதால் வங்கியிடம் சொல்லி முடக்கிவிடலாம். கிஃப்ட் கார்டிலோ பெரும்பாலும் பெயரே இருக்காது. அட்டை எண்ணும் ரகசிய எண்ணும் யாருக்குத் தெரிகிறதோ அவர் அந்தப் பணத்தைச் செலவழித்துவிடலாம் என்பதால், அட்டை நம் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கும்போதே தொகை களவுபோவதும் உண்டு.

அந்தக் களவு பெரும்பாலும் கடையிலேயே தொடங்குகிறது. தொங்கவிடப்பட்டிருக்கும் அட்டைகளை எடுத்து, சுரண்டும் பட்டையை நீக்கி எண்களைக் குறித்துக்கொண்டு, அதே போன்ற பட்டையை ஒட்டி மறுபடியும் மாட்டிவிடுகிறார்கள். அப்போது அட்டையில் பணம் கிடையாது. கவுன்டரில் ஒருவர் பணம் கட்டி அதைச் செயல்படுத்திய பிறகே தொகை ஏறும். இருப்பைத் திரும்பத் திரும்பச் சோதிக்கும் மென்பொருளை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள், ஏறியவுடன் வழித்தெடுத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் பார்கோடின் மேல் வேறு பார்கோடை ஒட்டிவிடுவதால், நாம் கட்டும் பணம் திருடனின் அட்டையில் போய்ச் சேர்கிறது. எனவே பட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பதும், ரசீதில் அட்டை எண்ணின் கடைசி இலக்கங்கள் அச்சாகியிருந்தால் அவற்றைக் கவுன்டரிலேயே ஒப்பிட்டுப் பார்ப்பதும் வீண் வேலையல்ல.

ரசீதை அட்டையோடு சேர்த்தே பரிசளிப்பது நல்லது. விலை தெரிந்துவிடுமே என்று கூச்சப்பட வேண்டியதில்லை. தொகைதான் அட்டையிலேயே தெரியுமே! புகார் செய்யும்போது நிறுவனம் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.

காலாவதி விஷயத்தில் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது 5 ஆண்டுகள் என்கிறது. ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பர் முதல் 3 ஆண்டுகள். விளம்பரச் சலுகையாக இலவசமாகக் கிடைக்கும் அட்டைகளுக்கு இத்தகைய பாதுகாப்பு பொதுவாகப் பொருந்தாது. மேலும், நிறுவனம் திவாலானால் அட்டை வைத்திருப்பவர், பிணையில்லாமல் அதற்குக் கடன் கொடுத்தவர்களோடு வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான். காலக்கெடு நீளமாக இருப்பது, அட்டையை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதற்குக் காரணமாகாது.

தொலைபேசியில் அழைத்து, வரிபாக்கிக்காகவோ அபராதத்துக்காகவோ கிஃப்ட் கார்டு எண்ணைப் படித்துக் காட்டச் சொன்னால், அது மோசடி. அதில் யோசிக்க எதுவுமில்லை. எண்ணைச் சொல்லிவிட்டிருந்தால், அட்டையை வெளியிட்ட நிறுவனத்தை அப்போதே அழைத்து, மீதித் தொகையை முடக்கச் சொல்ல வேண்டும்.

தீர்ந்துபோன அட்டையையும் உடனே தூக்கியெறிய வேண்டாம். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால், பல கடைகள் பணத்தை அதே அட்டையில்தான் திரும்ப ஏற்றுகின்றன.