கனமான நியூட்ரினோ இருந்தால் எங்கே தொலையும்?

ஐரோப்பிய ஆய்வகமான செர்னில் புரோட்டான்களை மோதவிடும் எல்எச்சி மோதுவியில் 2015 முதல் 2018 வரை அட்லஸ் கருவிக்குள் நடந்த மோதல்களில், டபிள்யூ போசான் என்ற துகள் ஒரு மியூவானும் (எலக்ட்ரானின் கனமான உறவு) நியூட்ரினோவுமாகச் சிதைந்தது ஏறக்குறைய 280 கோடி முறை. இதுவரை கருத்தளவிலேயே உள்ள கனமான நியூட்ரினோ ஒன்று 10 ஜிஇவி நிறையோடு (புரோட்டானைப்போல் சுமார் பத்து மடங்கு) இருந்து, மியூவான் நியூட்ரினோவோடு அதன் கலப்பு, அதாவது அதற்குப் பதிலாக இது பிறக்கும் வாய்ப்பு, பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால், அது சுமார் 2,800 முறை பிறந்திருக்கும். பிறப்பதில் பஞ்சமில்லை. அதைத் தவறவிடாமல் பதிவு செய்வதுதான் பாடு.

அதன் ஆயுள் கலப்புக்கும், நிறையின் ஐந்தாம் அடுக்குக்கும் எதிர்விகிதத்தில் அமையும். மேலே சொன்ன அளவுகளுக்கு அது சிதையுமுன் சராசரியாகச் சுமார் 3 செ.மீ. பறக்கும். நிறை 5 ஜிஇவி ஆனால் 2 மீட்டருக்கும் மேல் போகும், அதாவது தடமறியும் உள்பகுதியைத் தாண்டிவிடும்.

நல்ல வேளையாக, கூடவே பிறக்கும் மியூவான் மோதல் புள்ளியிலிருந்தே கிளம்புகிறது. எந்த நிகழ்வைச் சேமிப்பது என்று உடனுக்குடன் முடிவெடுக்கும் ட்ரிகரை அதுதான் தட்டுகிறது. ஆனால் அந்த மியூவானுக்கு, புரோட்டான் கற்றைக்குக் குறுக்கான உந்தம் 25 ஜிஇவி அளவுக்காவது வேண்டும். டபிள்யூவின் நிறை 80 ஜிஇவிதான் என்பதால், கணிசமான நிகழ்வுகள் இங்கேயே கழிந்துவிடும்.

அடுத்த இழப்பு மென்பொருளில். வழக்கமான தடமறி நிரல், கற்றையிலிருந்து 10 மி.மீ.க்கு மேல் விலகிய தடங்களைத் தேடுவதே இல்லை. இந்த எல்லையை 300 மி.மீ. வரை விரிக்கும் தனி நிரல் உண்டு. கணினி நேரத்தை விழுங்கியதால், அந்தக் காலத் தரவில் வடிகட்டிய சிறு பகுதிக்கு மட்டுமே அதை ஓட்டினார்கள். பிறகு திருத்தி எழுதி, 2022-இல் தொடங்கிய எல்எச்சியின் மூன்றாம் ஓட்டத்தில் எல்லா நிகழ்வுகளுக்கும் ஓட்டுகிறார்கள். என் கணிப்பில், கற்றையின் ஆற்றலைக் கூட்டியதைவிட இந்தத் தேடலுக்கு இதுவே பெரிய லாபம்.

இங்கே தேடுவது, கனமான நியூட்ரினோ இரண்டு லெப்டான்களாகவும் (எலக்ட்ரான், மியூவான் போன்றவை) ஒரு சாதாரண நியூட்ரினோவாகவும் சிதைவதை. மோதல் புள்ளியிலிருந்து விலகிய புள்ளியில் அந்த இரண்டு லெப்டான்கள் கிடைத்தால் உடனே துள்ளக் கூடாது. சிலிக்கான் தகட்டில் ஃபோட்டான் எலக்ட்ரான் இணையாகப் பிரியலாம். காஸ்மிக் மியூவான் ஒன்றே மேலும் கீழுமாக இரு தடங்கள்போலத் தெரியலாம். கொஞ்ச தூரம் பறந்தே சிதையும் பி ஹாட்ரான்கள் என்ற துகள்களைத் தவிர்க்க, இணையின் நிறைக்குச் சில ஜிஇவி கீழ்வரம்பு வைக்கிறார்கள். கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் தொடர்பில்லாத இரு தடங்கள் தற்செயலாகக் குறுக்கிடுவது. இதைக் கணினிப் போலச்செயலாக்கம் நம்பும்படி தராது. ஒரு நிகழ்வின் விலகிய புள்ளியை வேறொரு நிகழ்வின் மியூவானோடு சேர்த்து, தரவிலிருந்தே மதிப்பிட வேண்டும்.

சாதாரண நியூட்ரினோ ஒன்று தப்பிப்போனாலும் கனமான நியூட்ரினோவின் நிறையைக் கணக்கிட முடியும். தப்பியதன் உந்தத்தில் அறியாத கூறுகள் மூன்று. மோதல் புள்ளியிலிருந்து சிதைவுப் புள்ளிக்கான திசை இரண்டைத் தருகிறது, டபிள்யூவின் நிறை மூன்றாவதைத் தருகிறது. இருபடிச் சமன்பாடு என்பதால் விடை இரண்டு வரும்.

இதுவரை எதுவும் அகப்படவில்லை. எந்த நிறைக்கும் கலப்புக்கும் இடமில்லை என்று காட்டும் விலக்கு வரைபடங்களைப் பார்க்கும்போது, அது துகளும் எதிர்த்துகளும் வேறான டிராக் வகைக்கா, தானே தன் எதிர்த்துகளான மயோரனா வகைக்கா என்று முதலில் கவனியுங்கள். ஒரே கலப்புக்கு டிராக் வகையின் ஆயுள் இருமடங்கு, அதனால் கோடு இடம் மாறும். ஒரே சுவையோடு (எலக்ட்ரான், மியூவான், டௌ என்ற மூன்று நியூட்ரினோ வகைகளில் ஒன்றோடு) மட்டும் கலக்கிறது என்று வரைந்தவையும் பாதிக் கதைதான். நியூட்ரினோக்கள் ஒரு சுவையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அலைவின் தரவு அப்படிப்பட்ட கலப்புக்கு இடம் தருவதில்லை.

நிறை 20 ஜிஇவி ஆனால், அதே கலப்புக்குப் பறக்கும் தூரம் மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே இந்த உத்தி செல்லாது. மூன்று லெப்டான்களும் மோதல் புள்ளியிலேயே பிறந்தவையாகத் தெரியும். எதிர் மின்னூட்டமுள்ள ஒரே வகை லெப்டான் இணையைத் தரும் இசட் போசானின் பின்னணி வெள்ளமாக வரும். அப்போது ஒரே மின்னூட்டமுள்ள இரு மியூவான்களும் எதிர் மின்னூட்டமுள்ள ஓர் எலக்ட்ரானும் கொண்ட நிகழ்வுகளைத்தான் பொறுக்க வேண்டும்.