மாலை போடும் மகனும் மூன்றாம் நாளும்

நவம்பர் 12

கார்த்திகை பிறக்கப் போகிறது. குடிநோய் வார்டு வாசலில் அம்மாக்களிடம் ஒரே பேச்சு: "மாலை போட்டா விட்டுடுவான்." மூன்று தடவை விட்டு மூன்று தடவையும் திரும்பக் குடித்த மகனைத்தான் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையை நாங்கள் குறை சொல்வதில்லை. மாலை போடும் முன் மருத்துவரிடம் கூட்டி வாருங்கள் என்கிறோம். தினமும் நிறையக் குடித்த உடம்பு, ஒரே நாளில் விட்டால் தாங்காது.

நவம்பர் 18

கடைசியாகக் குடித்து 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 2 நாளில் வரும். மூன்றாம் நாள் இன்னும் மோசம். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், ஆள் தெரியாது, உடம்பு கொதிக்கும். "சாமிக் குத்தம்" என்று கோயிலில் உட்கார வைத்துவிடுகிறார்கள். உயிர் போகிற நிலை இது. உடனே 108.

சோர்ந்து கிடக்கிறானே என்று வெறும் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லாதீர்கள். குடி, தயமின் என்கிற பி1 சத்தை வற்ற வைத்திருக்கும். குளுக்கோஸைச் செரிக்க உடம்புக்கு அந்தச் சத்து வேண்டும். மிச்சமிருப்பதும் தீர்ந்தால் நடை தள்ளாடும், கண் அசைவு கெடும், நினைவே போகலாம். தயமின் ஊசிதான் முதலில்.

நவம்பர் 26

ரசத்தில் கலந்து கொடுக்கும் மாத்திரையைப் பற்றிக் கேட்காத அம்மா இல்லை. பெரும்பாலும் அது டைசல்ஃபிராம். உள்ளே அது இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல ஒரு குவார்ட்டர் அடிப்பார். இதயக் கோளாறு இருந்தால் பிழைப்பதே கஷ்டம். ரகசியமாக வேண்டவே வேண்டாம்.

மாத்திரை கொடுப்பதானால் அவர் சம்மதிக்க வேண்டும், ஈரல் பரிசோதனை பார்க்க வேண்டும், கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கடந்திருக்க வேண்டும். பிறகு மருத்துவர் சொன்ன அளவு, வழக்கமாக 250 மில்லிகிராம், தினமும் அம்மா கண்ணெதிரே. அதற்கு அம்மாவைப் போல் ஆள் கிடையாது. அரிஷ்டம், சில இருமல் மருந்துகளில் ஆல்கஹால் உண்டு; கேட்காமல் கொடுக்காதீர்கள். நிறுத்திய பிறகும் 2 வாரம் வரை மாத்திரையின் வேலை இருக்கும்.

டிசம்பர் 9

சாப்பாடு போடுங்கள், கையில் காசு தராதீர்கள். கரண்டு பில்லோ பிள்ளைகள் பள்ளிக் கட்டணமோ, நீங்களே நேரில் கட்டுங்கள்.

டிசம்பர் 29

மண்டல பூஜை முடிந்தது, மாலை கழற்றியாயிற்று. வார்டு நிரம்பும் வாரம். 41 நாள் அவர் குடிக்காமல் இருந்தது நடிப்பில்லை. விடியற்காலைக் குளியல், சாயங்கால பஜனை, கூடவே நாலு சாமிகள். எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகிறது. மாலை 6 முதல் கடை மூடும் 10 வரைதான் கண்டம். குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டமோ வேறு வேலையோ, அந்த நேரத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். ஆசை கிளம்பினால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் அடங்கும். முதலில் வயிற்றுக்குப் போடுங்கள்.

குடித்துவிட்டாரா? அடுத்த கார்த்திகைக்குக் காத்திருக்காமல் மறுநாள் காலையே வாருங்கள். எத்தனாவது தடவை என்று இங்கே யாரும் கணக்குக் கேட்பதில்லை. பழைய ஓபி சீட்டு மட்டும் கையில் இருக்கட்டும், எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொண்டது என்று அதில் எழுதியிருக்கும்.