இருமினால் சலம் கசிந்தது, நாலு வருடம் நான் வாய் திறக்கவில்லை

முதலில் தெரிந்தது வயலில்தான். மாசி மாதம், வெட்டுமெசின் வந்து நிற்கிறது, நான் தேத்தண்ணிக் கேத்தலோடு வாய்க்காலைத் தாண்டிக் குதித்தேன், குதித்த இடத்திலேயே உள்ளாடை நனைந்துவிட்டது. அப்போது எனக்கு 41 வயது. வியர்வை என்று சொல்லிக்கொண்டேன், ஆனால் வயலில் நிற்கிறவளுக்கு வியர்வை எது என்று தெரியும்.

அடுத்த கிழமை நெற்சூடு அடித்த தூசியில் இருமல் வந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் சலம், அதாவது சிறுநீர், கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது. அதிலிருந்து நாலு வருடம் அதை மறைப்பதே ஒரு தனி வேலையாகிவிட்டது. கறுப்பு, கடும்நீலம் தவிர வேறு நிறத்தில் பாவாடை வாங்கவில்லை. பாட் வாங்கக் காசு இல்லாத கிழமையில் பழைய சீலையைக் கிழித்து வைத்தேன். முல்லைத்தீவுக்குப் பஸ்ஸில் போவதென்றால் விடியவிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டேன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் அம்மாமாருக்கு ஓட்டம் வைத்தார்கள், என்னுடைய கடைசி மகள் கையைப் பிடித்து இழுத்தாள், கால் நோகுது என்று பொய் சொல்லி இருந்துவிட்டேன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருடம் தவறாமல் போய் இரவு முழுக்க அம்மாளாச்சி வாசலில் இருக்கிற ஆள் நான், அதையும் விட்டேன். அந்தச் சனத்துக்குள் கழிப்பறைக்கு வரிசையில் நிற்க முடியாது என்ற பயம்தான்.

தண்ணீரைக் குறைத்தது பெரிய பிழை. வன்னி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் என்ன நடக்கும்? சலம் கடும் மஞ்சளாகி, எரிவு தொடங்கி, கடைசியில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. சலமும் சீனியும் சோதித்தார்கள், கிருமித் தொற்று என்று குளிசை தந்தார்கள். "வேற ஏதும் பிரச்சினை இருக்கா?" என்று டொக்டர் கேட்டார். எனக்குப் பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள், கதவும் திறந்திருக்கிறது. இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில் இதை வெளியே கொண்டுவந்தது எங்கள் மிட்வைப் மிஸ். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்தவர் என்னைக் கண்டு, 45 வயது ஆகிவிட்டதே, சுகவனிதையர் கிளினிக்குக்கு வாருங்கள் என்றார். இந்தக் கிளினிக் இலங்கையில் 1996 இல் தொடங்கியது. 35 வயதிலும் 45 வயதிலும் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனை செய்வார்கள், பிரஷர், சீனி, மார்பகம் எல்லாம் பார்ப்பார்கள், ஒரு சதமும் செலவில்லை. அங்கே திரைச்சீலைக்குப் பின்னால் வைத்து அவர் கேட்டார்: "இருமேக்க தும்மேக்க சலம் போறதோ?" அப்படி என்னிடம் நேராகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் அழுதுவிட்டேன். "ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் சொல்லேல்லை? இது உங்கட ஊரில எத்தினை பேருக்கு இருக்கு தெரியுமோ?" என்றார்.

அன்றுதான் அந்தத் தசையைப் பற்றி முதன்முதல் கேள்விப்பட்டேன். இடுப்புத்தளத் தசை என்பார்கள். முன்பக்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை ஏணை கட்டினமாதிரி இருக்கிறது. சலப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது அதுதான், இருமும்போது சலவாயைச் சேர்த்து இறுக்கிப் பிடிப்பதும் அதுதான். ஏணை தொய்ந்தால் பிள்ளை நிலத்தில் முட்டும் அல்லவா, அதேதான். எனக்குக் கர்ப்பப்பையும் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆரம்பக் கட்டம். பின்னேரமானால் கீழே ஏதோ பாரமாகத் தொங்குகிற மாதிரி இருந்ததன் காரணம் அதுதான்.

ஏன் வந்தது என்று ஒன்றைக் காட்டிச் சொல்ல முடியாது என்றார்கள். மூன்றும் சுகப்பிரசவம். கடைசி மகள் 2009 இல் நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமில் பிறந்தாள், இரண்டு கிழமை கழிய நான் வாளியோடு தண்ணீர் வரிசையில் நின்றேன், வேறு யார் இருந்தார்கள்? மீள்குடியேறி வந்த பிறகு பொதுக் கிணற்றிலிருந்து இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாகத் தண்ணீர் சுமந்தேன். நெல்லுமூட்டைக்கு ஒரு பக்கம் பிடித்தேன். பல வருடமாக மலச்சிக்கல், கழிப்பறையில் இருந்து முக்குவது. மாதவிடாய் நிற்கிற வயதும் நெருங்குகிறது. எல்லாம் சேர்ந்ததுதான்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, ஏனென்றால் முதல் இரண்டு மாதமும் நான் செய்தது முழுப் பிழை. கிளினிக்கில் ஒரு தாள் தந்தார்கள், ஆஸ்பத்திரிக்கும் கடிதம் தந்தார்கள். கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, தாளையும் போனில் பார்த்த வீடியோவையும் வைத்து நானே தொடங்கினேன். மூச்சைப் பிடித்து, பின்பக்கத்தை இறுக்கி, தொடையை நெருக்கி, வயிற்றை உப்பி, பத்து வரை எண்ணினேன். உண்மையாகவே கஷ்டப்பட்டுச் செய்தேன். இரண்டு மாதத்தில் பாரம் கூடியதே தவிரக் குறையவில்லை. அப்போதுதான் பயந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே இயன்மருத்துவம் (பிசியோதெரபி) செய்கிற ஒரு இளம்பெண், என்னுடைய அனுமதி கேட்டு, கையுறை போட்டு விரலால் உள்ளே சோதித்தார். இப்போது இறுக்குங்கள் என்றார், இறுக்கினேன். "அக்கா, நீங்கள் உள்ள இழுக்கேல்லை, கீழ முக்கிறியள்" என்றார். தொய்ந்த ஏணையில் இன்னும் பாரம் ஏற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அவர் பழக்கியது இப்படி. முழங்காலை மடித்து மல்லாந்து படுக்கவேண்டும். சபையில் இருக்கும்போது காற்று வெளியே போகாமல் அடக்குவோமே, அதே இடத்தை இறுக்கி, அதோடு சலத்தையும் அடக்குகிற மாதிரி முன்பக்கத்தையும் சேர்த்து, இரண்டையும் உள்ளுக்கும் மேலுக்கும் இழுக்கவேண்டும். கிணற்றிலிருந்து வாளி மெல்ல மேலே வருகிற மாதிரி. பின்பக்கமும் தொடையும் தளர்வாகவே இருக்கவேண்டும், மூச்சு ஓடவேண்டும், அதற்காக எண்ணிக்கையை வாய்விட்டு எண்ணச் சொன்னார், பேசுகிறவளால் மூச்சைப் பிடிக்க முடியாது. ஒரு கையை வயிற்றில் வைத்துப் பார்த்தேன், வயிறு வெளியே தள்ளினால் பிழை. முதல் நாள் மூன்று எண்ணுவதற்குள் வாளி கையைவிட்டுப் போய்விட்டது. மூன்று எண்ணிக்கை இழுத்துப்பிடித்து, அதே அளவு முழுசாகத் தளர விட்டு, எட்டுப் பத்துத் தடவை. அதன் பிறகு சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவது பத்து. ஒரு நாளைக்கு மூன்று முறை. தளர விடுவதும் பயிற்சியில் பாதி என்று திரும்பத் திரும்பச் சொன்னார், சிலருக்குத் தசை எந்நேரமும் இறுகிக் கிடப்பதுதான் பிரச்சினை, அவர்கள் இன்னும் இறுக்கினால் நோவுதான் கூடும். அதனால்தான் சொல்கிறேன், ஒரு தடவையாவது தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அப்புறம், சலம் போகும்போது இடையில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யக்கூடாது, சலப்பை ஒழுங்காக வெறுமையாகாது.

இதற்குக் கேகல் பயிற்சி என்று பெயர், அமெரிக்காவில் ஆர்னோல்ட் கேகல் என்ற பெண்நோயியல் வைத்தியர் 1948 இல் எழுதியது. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆறாம் கிழமை வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிடுவோமா என்றும் வந்தது. விடியப்புறம் எழும்ப முதல் பாயில் ஒரு முறை, சோறு வேகும்போது இருந்தபடி ஒரு முறை, படுக்கைக்குப் போய் ஒரு முறை என்று நேரம் கட்டி வைத்ததால்தான் தப்பியது. எட்டாம் கிழமை ஒரு நாள் அடுக்களையில் மிளகாய் வறுத்து நான்கு தும்மல் தும்மினேன், துணி காய்ந்தபடி இருந்தது. தும்மல் வருகிற அந்த நொடியில் முன்கூட்டியே இறுக்கிப் பிடிக்கப் பழகியிருந்தேன். இருமலுக்கும், குடம் தூக்குவதற்கும் அதே மாதிரித்தான், முதலில் இறுக்கு, பிறகு தூக்கு.

மற்றப் பழக்கங்களும் மாறின. ஆறு தடவை குடித்த பிளேன்ரீயை இரண்டாக்கினேன், தண்ணீரைக் கூட்டினேன். கீரையும் பழமும் கூடுதலாகச் சாப்பிட, மலச்சிக்கல் குறைந்தது, முக்குவதை விட்டேன். கிணற்றடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டாலே ஓடுகிற பழக்கமும் இருந்தது எனக்கு, அதற்கு ஓடாமல் நின்று நாலைந்து தடவை இறுக்கிவிட்டு ஐந்து நிமிடம் பொறுக்கச் சொன்னார்கள், பிறகு பத்து, பிறகு பதினைந்து. இப்போது இரண்டரை மூன்று மணித்தியாலம் தாங்கும்.

என்னுடைய பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை வெளியே வந்தே விட்டது. வருடக்கணக்காகத் துணி வைத்துக் கட்டி யாருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார், என்னுடைய கதையைச் சொன்ன பிறகுதான் வாய் திறந்தார். அந்தக் கட்டத்தில் பயிற்சி மட்டும் காணாது, அவருக்கு உள்ளே ஒரு வளையம் வைத்துத் தாங்கவிட்டிருக்கிறார்கள், வேண்டுமென்றால் ஒப்பரேசனும் இருக்கிறது. சலத்தில் இரத்தம் கண்டால், சலம் போகவே முடியாமல் அடைத்தால், தொடையிடுக்கு விறைத்து உணர்ச்சியில்லாமல் போனால், பயிற்சி செய்து பார்ப்போம் என்று இருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எனக்கு இப்போது 46. முழுசாக மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன், தடிமன் பிடித்த கிழமையில் இன்னும் இரண்டு சொட்டுப் போகும். நெல்லுமூட்டையில் கை வைப்பதில்லை, தண்ணீர் ஒரு குடமாகத்தான் எடுக்கிறேன், இரண்டு நடை நடக்கிறேன். என்னுடைய தங்கச்சியின் மகளுக்குப் போன மாதம் பிள்ளை பிறந்தது. பின்னேரத்தில் பிள்ளை நித்திரையானதும் அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்து, சத்தமாக எண்ணுகிறோம்.