‘பாத்து குடுங்கம்மா’ன்னா எவ்வளவு?

அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்ததும் முதல் மூன்று மாதம் ஏஜென்சி மூலம்தான் ஆள் வைத்திருந்தோம். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, மாதம் 26,000 ரூபாய். அதில் வந்த பெண்ணின் கைக்குப் போனது 16,000. அவர் அதைச் சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த மாதமே அவர் நின்றுவிட்டார்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அம்மா சொல்லித்தான் இந்த அக்கா வந்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் ஊர், குடியிருப்பு ஈஜிபுராவில். ஒரு பாட்டியை மூன்று வருடம் பார்த்துக்கொண்டவர். அதற்கு முன்னால் கட்டடத்தில் சித்தாள். “மாசம் எவ்வளவு எதிர்பாக்குறீங்க அக்கா?” என்று கேட்டேன்.

“நீங்களே பாத்து குடுங்கம்மா.”

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் கூச்சம் இல்லை. தொகையைச் சொன்னால் வேலை கை நழுவிப் போய்விடுமோ என்ற பயம். அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். “பதினாறு, பதினேழு குடுத்தா போதும், இங்க அதான் ரேட்” என்றார்கள். சென்னையிலிருந்து அண்ணன், “இங்க பன்னெண்டுக்கே வராங்களே” என்றான். எத்தனை மணி நேர வேலை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஏஜென்சிக்கு 26,000 கொடுத்தபோது இவர்களில் யாரும் அதிகம் என்று சொல்லவும் இல்லை.

முதல் வாரம் தினக்கூலிக்கு வரச் சொன்னேன். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் அவர் செய்வதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அக்கா முதலில் முழங்காலை மடக்குவார். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில் வைத்து, இழுக்காமல் தன் பக்கம் மெல்லச் சாய்ப்பார். முதுகுக்குத் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைப்பார். கடைசியாக இடுப்புக்குக் கீழே சிவந்த இடம் எதையாவது கண்டால் விரலால் அழுத்திப் பார்ப்பார். அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று அர்த்தம். அந்த ஏழு நாளில் ஒரு தடவைகூட அவர் இதை விட்டதில்லை. இதைப் போய் ‘சும்மா கூட இருக்கிற வேலை’ என்கிறார்களே என்று மனசு கொதித்தது.

பிறகு கணக்குப் போட உட்கார்ந்தேன். கர்நாடகம் 2004லேயே வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த மாநிலம். அது அடிமட்டம்தானே, அங்கேயே நிற்க எனக்கு விருப்பமில்லை. அக்கா சித்தாளாக இருந்தபோது கடைசியாக வாங்கியது எட்டு மணி நேரத்துக்கு 600 ரூபாய், அதாவது மணிக்கு 75. அதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டேன். மிகுதி நேரத்துக்கு இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது என்கிறது 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு. வீட்டுக்குள் வந்து யாரும் சோதிக்கப் போவதில்லை, ஆனாலும் நியாயம் அதுதான். பன்னிரண்டு மணி நேரம் என்றால் எட்டு மணி நேரத்துக்கு 600, மீதி நாலு மணி நேரத்துக்கு இரண்டு மடங்கில் இன்னொரு 600. ஒரு நாளைக்கு 1,200, மாதம் 26 நாளுக்கு 31,200.

எங்களால் அது முடியாது. இரண்டு நாள் யோசித்தேன். மணிக்கூலியில் கை வைக்காமல் நேரத்தைக் குறைப்பது என்று முடிவு செய்தேன். காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை, பத்து மணி நேரம். 600 கூட 300, ஆக 900. 26 நாளுக்கு 23,400, அதை 24,000 ஆக்கினோம். காலையில் அம்மாவுக்கு உடம்பு துடைப்பதும் டயப்பர் மாற்றுவதும் என் பொறுப்பு, இரவு என் கணவருடையது. அண்ணனுக்கு நோட்டைப் படம் பிடித்து அனுப்பினேன். மறுநாள் பாதிப் பணம் என் கணக்குக்கு வந்தது.

நோட்டைக் காட்டி வரி வரியாக விளக்கியபோது அக்கா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், “லீவு எடுத்தா புடிப்பீங்களா?” என்று கேட்டார். உண்மையில் பேச வேண்டியதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஞாயிறு விடுமுறை. அதுபோக வருடத்துக்கு 15 நாள் சம்பளத்தோடு விடுப்பு. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அந்த நாள்களுக்கும் சம்பளம் உண்டு (பிறகு பதினோரு நாள் அப்படி வந்தது). மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூபில் ஊட்டுவதை நர்ஸ் எனக்குத்தான் கற்றுக்கொடுத்தார், அது அக்கா தலையில் விழாது. ஒருவேளை அம்மா இல்லாமல் போனால் ஒரு மாதச் சம்பளம். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கியது, ஆனால் சொல்லாமல் விட்டால் அந்த நாளில் கேட்க அவருக்கு வாய் வராது. 2023 ஜூனிலிருந்து கர்நாடகத்தில் அந்த மாநில முகவரி உள்ள பெண்களுக்குச் சாதாரண அரசுப் பஸ்ஸில் கட்டணம் இல்லை. ஆனால் அக்காவின் ஆதாரில் கிருஷ்ணகிரி முகவரி இருந்ததால் அவருக்கு அது கிடைக்கவில்லை. முகவரி மாற்றும் வரை பஸ் பாஸ் எங்கள் செலவு.

கூலிக் கணக்கு, பேசிக்கொண்ட விஷயங்கள் இரண்டையும் தாளில் எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். வருடா வருடம் ஏப்ரலில் கூலியைத் திரும்பப் பேசுவது என்றும் அதில் இருந்தது.

போன ஏப்ரலில் நான் வாயைத் திறக்கும் முன்பே அக்கா கேட்டார். “வாடகைய ஏத்திட்டாங்கம்மா. எனக்கு இருபத்தாறு வேணும்.” நோட்டை எடுத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன், மணிக்கு 83 ரூபாய் சொச்சம் வந்தது. சரி அக்கா என்றேன். அவர் அம்மாவைத் திருப்பப் போய்விட்டார், மணி பதினொன்று ஆகியிருந்தது.