டேக் போட்ட மீன் தூண்டிலில் ஏறினால்

தூண்டில் போடக் கடலுக்குக் கிளம்புகிறவர்கள் ரீலுக்கும் நரம்புக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்வார்கள். அளவுப் பலகையை மட்டும் கரையில் விட்டுவிட்டுப் போவார்கள். மீன்வளத்தைக் கணக்கிட ஆய்வாளர்கள் எண் அச்சிட்ட அடையாளத் துண்டை, அதாவது டேக்கைக் குத்தித் திரும்பக் கடலில் விட்ட மீன் ஒன்று ஏறிவிட்டால், அன்று படகில் அந்தப் பலகையைவிட முக்கியமான பொருள் வேறு கிடையாது. கூடவே ஒரு பென்சிலும் குறிப்பேடும் இருக்கட்டும். பேனா வேண்டாம், உப்புத் தண்ணீர் பட்டால் மை கரைந்துவிடும்.

டேக் கண்ணில் படுவதே பாதிக் காரியம். முதுகுத் துடுப்பின் அடியிலிருந்து காலி ரீஃபில் துண்டு போல ஒரு பிளாஸ்டிக் குழாய் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். புதிது என்றால் மஞ்சள் பளிச்சென்று தெரியும். ஒரு வருடம் கடலில் கிடந்திருந்தால் அதன்மேல் பாசி படர்ந்திருக்கும். மீனில் ஏதோ குப்பை ஒட்டியிருக்கிறது என்று நினைத்துப் பிய்த்து எறிகிறவர்கள் உண்டு. பாசியை ஈர விரலால் தேய்த்து எடுங்கள். கத்தியால் சுரண்டினால் பாசியோடு அச்சிட்ட எண்ணும் போய்விடும்.

எண்ணைப் படித்து எழுதுங்கள், இன்னொருவர் மறுபடி படிக்கட்டும், பிறகு படமும் எடுங்கள். 3, 8, 6 மூன்றும் ஈரமான டேக்கில் ஒரே மாதிரிதான் தெரியும். அடுத்தது நீளம். மீனைப் பலகையில் படுக்க வைத்து, வாயை மூடி, மூக்கைத் தடுப்புக்கட்டையில் முட்டவிட்டு, வால் கவட்டையின் நடுப்பள்ளம் வரை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். வால் நுனி வரை அளந்திருந்தால் அதையும் குறிப்பில் சொல்லிவிடுங்கள். டேப்பை உடம்பின் வளைவோடு ஒட்டி அளந்தால் நீளம் கூடிவிடும். விட்டபோது இருந்ததைவிடப் பிடிபட்டபோது மீன் குட்டையாக இருப்பதாகப் பதிவு வந்தால், பெரும்பாலும் அளவு பிசகியிருக்கிறது என்றுதான் பொருள்.

இடம் குறிப்பதில் வரும் தப்பு இதைவிட மோசம். ஜிபிஎஸ் திரையில் 10°30′ என்று இருப்பதை 10.30 என்று எழுதிவிடுவார்கள். 30 நிமிடம் என்பது அரை டிகிரி, அதாவது 10.5. வித்தியாசம் 0.2 டிகிரி. அட்சரேகையில் அது 12 கடல்மைல், கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர். திரையில் இருக்கும் குறியையும் அப்படியே எழுதினால் இந்த வம்பே இல்லை. தேதி, எந்த வகைத் தூண்டில் அல்லது வலை, எடை எடுத்திருந்தால் முழு மீனா குடல் நீக்கியதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீனைத் திரும்ப விடுவதானால், டேக்கில் வேறு மாதிரி அச்சிட்டிருந்தால் ஒழிய, அதைப் பிடுங்காமல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு விடுங்கள்.

சில திட்டங்களில் நிறமே சேதி சொல்லும். வெள்ளை டேக் என்றால், அந்த மீனுக்கு டேக்கோடு ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்ற மருந்தும் ஊசியில் ஏற்றியிருப்பார்கள். அந்த மருந்து மீனின் உள்காதில் இருக்கும் சிறு கல்லான காதுக்கல்லில் படிந்து, புற ஊதா வெளிச்சத்தில் கோடாக ஒளிரும். ஊசி போட்ட தேதி தெரியும். ஆகவே கல்லில் அந்தக் கோட்டுக்கு வெளியே உள்ள வளர்ச்சி வளையங்களை எண்ணினால், வளையம் நாளுக்கு ஒன்றா வருடத்துக்கு ஒன்றா என்பதைச் சரிபார்த்துவிடலாம். அப்படிப்பட்ட மீன் கிடைத்தால் தலையை வெட்டிப் போட்டுவிடாமல் முழுசாக ஐஸில் வைத்துவிட்டுத் தகவல் கொடுங்கள்.

இத்தனை மெனக்கெடல் எதற்கு? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 500 மீனுக்கு டேக் போட்டு விடுகிறார்கள். பிறகு பிடிபட்ட 1000 மீனில் 25 டேக் தென்படுகிறது. 500-ஐ 1000-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால், கடலில் மொத்தம் 20,000 மீன். உண்மையில் 50 டேக் வந்திருந்து, பாதிப் பேர் சொல்லாமல் விட்டிருந்தால்? சரியான விடை 10,000. சொல்லாமல் விட்ட டேக்குகள் கடலில் இல்லாத மீனைக் காகிதத்தில் இரட்டிப்பாக்கிவிடுகின்றன. அதை நம்பிப் பிடிப்பு அளவை உயர்த்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

டேக் கழன்று விழுந்தாலும் இதே கோளாறுதான். அதனால்தான் சில மீன்களுக்கு இரண்டு டேக் போடுவார்கள். ஒற்றை டேக்கோடு எத்தனை திரும்பி வருகின்றன என்று பார்த்தால் கழன்று விழும் விகிதம் கிடைத்துவிடும். சொல்லாமல் விடுகிறவர்களைக் கண்டுபிடிக்க இன்னும் கெட்டிக்கார வழி ஒன்று இருக்கிறது. பிடிப்பைக் கண்காணிக்கக் கப்பலில் வந்திருக்கும் பார்வையாளர், யாருக்கும் தெரியாமல், பிடிபட்டுச் செத்த மீன் சிலவற்றில் டேக் குத்திக் கிடங்குக்குள் விட்டுவிடுவார். துறைமுகத்தில் அவற்றில் எத்தனை வெளியே வருகின்றன என்பதுதான் நேர்மைக்கான அளவுகோல். 2005 முதல் 2007 வரை இந்தியப் பெருங்கடலில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சூரை மீன்களுக்கு டேக் போட்டார்கள். பெரும்பகுதி தான்சானியாவை ஒட்டிய கடலில் நடந்தது. திரும்பி வந்த டேக்குகளில் மிகுதியும் சுருக்குவலைக் கப்பல்கள் பிடித்தவை. செஷல்ஸின் விக்டோரியா துறைமுகத்தில் உறைந்த மீனை இறக்கியவர்கள் கண்டெடுத்தவை அவற்றில் ஏராளம். அங்கும் இப்படி ரகசிய டேக் வைத்துத்தான் கணக்கைத் திருத்தினார்கள்.

நீங்களே டேக் போடும் படகில் போகிறீர்களா? சூரைக்கு இரண்டாம் முதுகுத் துடுப்பின் அடியில், டேக் செருகிய ஊசி தலைப் பக்கம் பார்க்க, 45 டிகிரி சாய்வில் குத்த வேண்டும். துடுப்பைத் தாங்கும் முட்களுக்கு இடையே டேக் முனையின் முள்கொக்கி போய் மாட்ட வேண்டும். வெறும் சதையில் நின்றால் சில வாரங்களில் கழன்றுவிடும். ஊசியை உருவியபின் டேக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் அந்த டேக் வீண். கையை நனைத்துக்கொள்ளுங்கள், செவுளைத் தொடாதீர்கள், வாயைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். பெரிய மீனைப் படகோரத்தில் தண்ணீரிலேயே வைத்துக் குத்துவதுதான் நல்லது. ரத்தம் கொட்டும் மீனுக்கு டேக் போடவே வேண்டாம். அது செத்துப்போனால் கணக்கில் மட்டும் உயிரோடு இருக்கும்.

தூண்டிலே இல்லாமலும் டேக் கிடைக்கலாம். கடற்கரையில் மைக் போன்ற வடிவத்தில், ஒரு முனை தடித்து, மெல்லிய ஆன்டெனா நீட்டிய கருவி ஒதுங்கியிருந்தால் அது பாப்-அப் செயற்கைக்கோள் டேக். குறித்த நாளில் மீனிலிருந்து கழன்று, மிதந்து வந்து, செயற்கைக்கோளுக்குச் சுருக்கத் தகவல் மட்டும் அனுப்பியிருக்கும். ஆழம், வெப்பநிலை, வெளிச்சம் ஆகியவற்றின் முழுப் பதிவு உள்ளே நினைவகத்தில்தான் கிடக்கிறது. அதைப் பிரிக்காதீர்கள், ஆன்டெனாவை வளைக்காதீர்கள். நல்ல தண்ணீரில் அலசித் துணியில் சுற்றி, மேலே அச்சிட்டிருக்கும் முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். பேட்டரி தீர்ந்துபோயிருந்தாலும் பதிவைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.