சிவப்புக் கொடி போர்த்திய ஸ்கை

மகன் மடிக்கணினியில் பழைய காணொளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். 2005, சிங்கப்பூர், கணினி விளையாட்டு வீரர்கள் மோதும் உலக சைபர் விளையாட்டுப் போட்டி. ஒல்லியான சீன இளைஞன் ஒருவன் வென்ற கையோடு நாட்டுக் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு மேடையில் நிற்கிறான்.

லி சியாவ்ஃபெங். விளையாட்டுலகம் அறிந்த பெயர் 'ஸ்கை'. அப்போது வயது 20.

ஹெனான் மாகாணத்துச் சிற்றூர்ப் பையன். தந்தை மருத்துவர், கணினி விளையாட்டு மையங்களே கதியாகக் கிடந்த மகனை அடித்தே திருத்தப் பார்த்தார். பையன் அசையவில்லை.

படை திரட்டிப் போரிடும் கணினி விளையாட்டான 'வார்கிராஃப்ட் 3'-இல், அதிலுள்ள இனங்களில் ஒன்றான மனிதப் படையை அவர் நடத்தும் விதத்தைப் பாருங்கள். எதிராளி பெருகும்வரை காத்திருப்பதில்லை. சரியான நேரம் பார்த்து, திரட்டிய படை அத்தனையையும் ஒரே அலையாக ஏவிவிடுவார். பின்வாங்கும் எண்ணமே கிடையாது. எனக்கு அந்தத் துணிச்சல்தான் பிடிக்கிறது.

2006-இல் இத்தாலியின் மோன்சாவில் மீண்டும் தங்கம். அடுத்த ஆண்டு சியாட்டிலில், மூன்றாவது தங்கத்துக்கு ஒரு படி கீழே, நார்வே வீரரிடம் தோல்வி. 2008-இல் ஒலிம்பிக் சுடரை ஏந்தி ஓடினார்.

கணினி விளையாட்டைப் போதைமருந்து என்று பல பெற்றோர் அஞ்சிய நாட்டில், அதை ஆடுகிறவன் கையில் ஒலிம்பிக் சுடர்! எவ்வளவு பெரிய அங்கீகாரம்!

2015-இல் ஓய்வுபெற்றுத் தொழில் தொடங்கிவிட்டார். மின்விளையாட்டு, அதாவது போட்டியாக ஆடும் கணினி விளையாட்டு, ஆசிய விளையாட்டுப் பதக்கப் பட்டியலில் ஏறியது 2023-இல், அவருடைய சொந்த நாட்டின் ஹாங்சோ நகரில். அந்த மேடையில் அவரும் ஆடியிருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.